எரியாத சாமான்கள்

கண்ணை மூடிக்கொண்டால்தான் கண்டக்டருக்கு வீடு தெரியும். எங்கள் வக்கீல் ஆபீஸில் என் டைப் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தபடியே, படியேறுவதுபோல் ஒரு காலைத் தூக்கி வைப்பார். "ஏறினதும் இடது பக்கம் செருப்பு ஸ்டாண்டு. எழுதிட்டியாம்மா? அப்புறம் ஹால். போலாம், ரைட்." முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். ஹாலிலிருந்து சமையலறைக்குப் போக விசில் ஊதவில்லை, அவ்வளவுதான்.

போன வருஷம் அந்த வீடு தீப்பிடித்துக் கூரையோடு போய்விட்டது. இன்சூரன்ஸ் கம்பெனி சாமான் பட்டியல் கேட்டதும், மனைவியிடம்கூடக் காட்டாமல் நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டார். அதுவே வினையாகப் போயிற்று.

பட்டியலில் தையல் மெஷின் இருந்தது. கம்பெனி ஆள் வந்து சாம்பலைக் கிளறிப் பார்த்தார். மரம் எரியும், துணி எரியும், மெஷினின் இரும்புக் கால் எங்கே போகும்? பிள்ளைகளின் மூன்று சக்கர சைக்கிளையும் காணோம். பொய்த் தகவல் என்று சொல்லி மொத்தத்தையும் தள்ளிவிட்டார்கள். அந்த வழக்குதான் இப்போது எங்களிடம் இருக்கிறது.

"நான் பொய் சொல்லலம்மா. மெஷின் ஜன்னலோரமாதான் இருந்துச்சு. இவ தைக்கிற சத்தம் வாசல் வரைக்கும் கேக்கும்."

பக்கத்திலிருந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "அதை நாத்தனாருக்குக் குடுத்து எத்தனையோ வருஷமாச்சு. இவரு சொல்றது புள்ளைங்க சின்னதா இருந்தப்ப இருந்த வீடு. சுவரு அதேதான், ஆனா எரிஞ்சது வேற வீடும்மா."

எனக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றுவிட்டது. பிள்ளைகள் எழுவதற்கு முன் முதல் பஸ்ஸுக்குப் போய், அவர்கள் தூங்கியபின் திரும்பியவர். பார்த்தது கொஞ்சம்தான். அதை ஒன்றுவிடாமல் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். பாவமாக இருந்தது.

வக்கீல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இல்லாததை எல்லாம் உங்க கையாலயே கோடு போட்டு அடிச்சுக் கையெழுத்து போடுங்க. மறதியில எழுதினதுன்னு மனு போடறேன். ஒண்ணு விட்டாலும் கேஸ் நிக்காது. கடைசி வரைக்கும் இப்ப இருக்கிற வாடகை ரூம்தான்."

கம்பெனிக்குக் கொடுத்த பட்டியலின் நகலோடு ஸ்கேலும் பால்பாயிண்ட் பேனாவும் கொடுத்தேன். மனைவி சொல்லச் சொல்ல, தையல் மெஷினை அடித்தார். சைக்கிளை அடித்தார். பெரியவனின் கேரம் போர்டை முணுமுணுத்துக்கொண்டே அடித்தார்.

"தொட்டில்" என்றார் மனைவி. அந்த அம்மாவின் குரலும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அது இருந்துச்சே."

"எப்பவோ இருந்துச்சு. அடிங்க."

அடித்தார். கோடு நேராகத்தான் விழுந்தது. பால்பாயிண்ட் மை காய்வதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இருந்தாலும், தாளின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக ஆட்டிக்கொண்டே இருந்தார்.