மாமா வீட்டு வெள்ளம்

அந்தப் பால்பவுடர் டப்பாவை இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. மற்ற வீட்டு அப்பாக்கள் மழை பெய்தால் மழை பெய்கிறது என்பார்கள். எங்கள் அப்பா இத்தனை இஞ்சு என்பார்.

பாலாநகரில் விமானச் சாமான் செய்கிற ஒரு ஃபேக்டரியில் அவருக்கு அளவு பார்க்கும் வேலை. மற்றவர்கள் செய்து அனுப்பும் சாமானை அளந்து, ஒரு நூல், அதாவது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு, கூடினாலும் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிட வேண்டும். வீட்டிலும் அதே குணம். அம்மா சுடுகிற தோசைக்கு ஸ்கேல் வைக்காததுதான் பாக்கி. பின்முற்றத்தில் துவைக்கிற கல்லின் மேல் அந்த டப்பா திறந்தபடி இருக்கும். தினமும் காலை சரியாக ஏழு மணிக்கு அதில் இரும்பு ஸ்கேலை விட்டுப் பார்த்து, நோட்டில் எழுதி, தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் குளிக்கப் போவார். அதுவும் ஃபேக்டரி வேலை என்று நான் நம்பினேன். எங்கள் அப்பா எழுதாவிட்டால் ஒரு விமானமும் கிளம்பாது என்று பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிறவளிடம் ரகசியமாகச் சொல்லியும் வைத்திருந்தேன்.

அது மாமாவுக்காக வைத்த டப்பா என்று வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. மாமா அம்மாவின் அண்ணன். அந்தப் பக்கமெல்லாம் அவருக்கு அத்துபடி. அரை மைல் தள்ளி, மேட்டில் வீடு. அப்பா எங்கள் மனையை வாங்கப்போனபோது அவரும் வந்து பார்த்திருக்கிறார். “நக்கோ மாப்ள, இது செருவு. வாங்கத்தான் செய்வீங்கன்னா, கூடவே ஒரு படகும் வாங்கிப் போட்டுக்கிடுங்க” என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். நக்கோ என்றால் அந்த ஊர்ப் பேச்சில் வேண்டாம்; செருவு என்றால் தெலுங்கில் குளம். குளத்துக்குள் வீடு கட்டுகிறவன் என்று பேரெடுத்தது அப்பாவுக்கு ஆறவேயில்லை. அதன்பின் மாமா வீட்டுப் படியை அவர் மிதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய்க் கோயிலில் பார்த்தால், “நேத்து ரெண்டு இஞ்சு பேஞ்சும் ஒரு சொட்டு உள்ள வரலைன்னு உங்க மாமாட்ட சொல்லு” என்று என்னிடம் சொல்வார். மாமா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பார். பெரியவர்கள் முன்னால் வாய் திறக்காத பிள்ளை நான். என்னைத்தான் தூது விடுவார்கள்.

நான் அஞ்சாம் வகுப்பில் இருந்தபோது கடலில் கிளம்பிய ஒரு புயல் கரையேறி எங்கள் பக்கம் வருவதாக ரேடியோ சொன்னது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. அப்படியொரு மழையை யாரும் கண்டதில்லை என்று அக்கம்பக்கத்துக் கிழவர்களே சொன்னார்கள். மூன்றாம் நாள் விடியும்போது செருவு எங்கள் வீட்டுக்குள் இருந்தது. அடுக்களையில் முழங்கால் அளவு, காபி நிறத்தில், செத்தையும் செருப்புமாக மிதந்தது. அம்மாவுக்கு நிறைமாதம். கட்டிலில் காலைத் தூக்கிவைத்து உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணன் வீட்டுக்குப் போயிருவோம். இன்னும் ஏறுனா நான் எப்படி நடப்பேன்?”

“ஏழு மணி ஆகட்டும்” என்றார் அப்பா.

என்னைத் துவைக்கிற கல்லின் மேல் ஏற்றி, டப்பா போய்விடாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார். குடை கேட்டேன். குடையில் வழிகிற தண்ணீர் உள்ளே விழுந்தால் அளவு கெட்டுவிடுமாம். டப்பாவோ எப்போதோ நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அது எட்டு இஞ்சு டப்பா. வழிகிறதில் அளக்க என்ன இருக்கிறது என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. உள்ளே அம்மா கர்த்தரிடம் சொல்வதுபோல அப்பாவைத் திட்டிக்கொண்டிருந்தாள். நடுநடுவே இடுப்பைப் பிடித்துக்கொண்டு பேச்சை நிறுத்தினாள்.

ஏழு மணிக்குச் சற்று முன்னால், ஒரு லாரி டியூபைத் தள்ளிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் மாமா வந்து சேர்ந்தார். ஸ்கேலும் கையுமாக நின்ற அப்பாவின் முகம் இறுகிவிட்டது. படகுப் பேச்சு வரப்போகிறது என்று எனக்கே தெரிந்தது. அது வந்தால் அப்பா அசையமாட்டார். அம்மா அந்தத் தண்ணீருக்கு நடுவிலேதான் பிள்ளை பெற வேண்டும்.

மாமா டப்பாவைப் பார்த்தார். “எவ்வளவு மாப்ள?”

“வழிஞ்சிட்டு. எட்டுக்கு மேல எவ்வளவுன்னு சொல்ல முடியாது.”

“எட்டுக்கு மேலயா? அதான் மேட்டுல என் வீட்டுக்குள்ளயே வந்திட்டு. சாமான் தூக்கி வைக்க ஆள் இல்ல, நீங்க கொஞ்சம் வாங்க.”

அப்பா மேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு டப்பாவைக் கவிழ்த்துவிட்டு ஸ்கேலைச் சட்டைப்பையில் செருகினார். அம்மாவை டியூபில் உட்காரவைத்து ஆளுக்கொரு பக்கமாகத் தள்ளினார்கள். நான் அப்பாவின் தோளில். வழியெல்லாம் அந்த ஸ்கேல் என் காலைக் குத்திக்கொண்டே வந்தது.

மாமா வீட்டுக்கு ஒன்பது படி. வெள்ளம் முதல் படிக்குக் கீழேயே நின்றுவிட்டிருந்தது. ஆனால் கூடத்துத் தரையெல்லாம் தண்ணீர். நாற்காலிகளைக் கட்டில்மேல் ஏற்றியிருந்தார்கள். அத்தை சேலையைத் தூக்கிச் செருகி, கையில் காலிக் குடத்தோடு, மூச்சு வாங்க நின்றாள். இப்போதுதான் வடிந்தது என்றாள்.

எனக்குக் குளிரில் பல் தந்தியடித்தது. ஈரத்திலிருந்து ஈரத்துக்கே கூட்டிவந்தார்களே என்று ஆத்திரம் வேறு. அந்தத் தண்ணீரில் சேறு இல்லை, ஒரு துரும்பு இல்லை. வாய் திறக்காதவள் அன்று திறந்தேன்.

“மாமா வீட்டு வெள்ளம் மட்டும் ஏம்மா சுத்தமா இருக்கு?”

அம்மா கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் கன்றிக் கிடந்தது. அத்தை குடத்தைப் பின்னால் மறைத்தாள். அப்பா தரையைப் பார்த்தார். அப்புறம் குனிந்து, ஸ்கேலை நட்டமாக நிறுத்திப் பார்த்தார்.

“அரை இஞ்சு நிக்குது, மச்சான்.”

“ஹவ், இருக்கும்” என்று ஆமாம் போட்டார் மாமா.

அன்று மத்தியானம் அந்த வீட்டு உள்ளறையில் தம்பி பிறந்தான். எல்லோரும் அவனைப் பார்க்க ஓடினார்கள். எனக்கு மனசு அதில் இல்லை. ஸ்கேலுக்குப் பக்கத்திலேயே நான் குந்தியிருந்தேனே, அரை நூல்கூட நனையவில்லை. ஒரு நூலுக்குச் சாமானைத் திருப்பி அனுப்புகிற மனுஷன், அரை இஞ்சு என்று நோட்டிலும் எழுதிவிட்டார். மழையில் நின்று அப்பாவுக்குக் கண் மங்கிப்போய்விட்டது என்று பயந்து, எனக்குத் தெரிந்த ஜெபத்தையெல்லாம் அன்று அவர் கண்ணுக்காகச் சொன்னேன்.