பெரம்பலூரில் ஆட்டம், பூலாம்பாடியில் சத்தம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டுக்காரர் ஒற்றைச் செருப்போடு வந்து நின்றார்.

இன்னொன்று எங்கே என்று கேட்டேன். "கிரவுண்டு முழுங்கிடுச்சு" என்றார்.

அவர் பி.டி. மாஸ்டர். பூலாம்பாடியில் முதன்முறையாகப் பெண்கள் கபடிப் போட்டி நடத்தியே தீருவது என்று இரண்டு மாதமாக அலைந்தவர். அன்றைக்குப் பத்து மணிக்கு ஆட்டம். ராத்திரி முழுக்க மழை. எங்கள் பக்கத்துக் கரிசல் மண் நனைந்தால் காலை விடாது. அதில் ஓடிப் போய் ஆளைத் தொட்டுவிட்டு வருவதாவது!

"நிறுத்திடலாமா?" என்றேன். அவர் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. திருமானூர் டீம் கேப்டன் அருள்மேரி.

"சார், நாங்க அரியலூர் வந்துட்டோம். மழைன்னு திருப்பி அனுப்பிடாதீங்க சார். கைய வீசிக்கிட்டுப் போயி நின்னா, அடுத்த தடவை வூட்டுல வுடவே மாட்டாங்க."

இவர் போனை வைத்தார். "பெரம்பலூர்ல கல்யாண மண்டபம் பாக்குறேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. போன வாரம்தான் மொபைலில் ஒரு செய்தி பார்த்தேன். வெளிநாட்டில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். கட்டையால் பந்தை அடித்துவிட்டு ஓடுவார்கள்... அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. புயல் வருகிறது என்று ஆட்டத்தை அப்படியே வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். டிக்கெட் காசைத் திருப்பித் தர வேண்டும். ஆட்டக்காரர்களுக்கு விமானம், ஹோட்டல். பழைய ஊரில் தீனிக் கடை போட்டவனுக்கு நஷ்டம். இத்தனையும் யார் தலையில் விடியும் என்று யோசித்தபடியே தூங்கிப் போனேன்.

இப்போது எங்கள் தலையில் விடிந்திருந்தது.

புரட்டாசியில் கல்யாணம் ஏது? மண்டபம் காலி. கரண்டுக்கும் கூட்டிப் பெருக்கவும் கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். வாடகைக்கு எடுத்திருந்த கபடி மேட், ஸ்கோர் போர்டு, சாம்பார் சாத அண்டா எல்லாம் ஒரு குட்டி யானை வண்டியில் ஏறின. ஓர் ஆட்டம் மொத்தமும் தார்ப்பாய்க்கு அடியில் சுருண்டு படுத்திருந்தது.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. எங்கள் ஊர்க் கபடிக்கு டிக்கெட் கிடையாது. பரிசு ஒவ்வொன்றும் ஒருவர் உபயம். ஆட்டம் நடக்கும்போது நல்ல ரெய்டுக்கு நூறு, இருநூறு என்று ஊர்க்காரர்கள் கொடுப்பார்கள். கொடுத்தவர் பெயரை மைக்கில் சொல்ல வேண்டும். அந்தப் பணத்தில்தான் நடுவர், வண்டி, சாப்பாடு எல்லாம். ஊரை விட்டுப் போனால்?

முதல் பரிசு இருபதாயிரம், ரைஸ்மில் சின்னத்துரை அண்ணன் உபயம். நேரே வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மாஸ்டர், குடுக்கிறேன்னு சொன்னது நெசந்தான். நம்மூர்லன்னுதான சொன்னேன்? பெரம்பலூர்ல என் பேரச் சொன்னா எவனுக்குத் தெரியும்?"

"அண்ணே, புள்ளைங்க வந்துக்கிட்டிருக்கு..."

"நான் என்ன வேணாம்னா சொன்னேன்? நடத்துங்க. என் பேரு வேணாம்."

கோபம் கோபமாக வந்தது எனக்கு. ஆனால் யோசித்தால், பத்திரிகைக்கு இந்தப் பத்தியை எழுதி அனுப்பிவிட்டு, என் பெயர் அச்சில் வருகிறதா என்று வாரா வாரம் முதலில் பார்க்கிறவள்தானே நானும்?

வழி சொன்னவர் மைக் செட் பாஷா பாய். "குழாய் ஸ்பீக்கரெல்லாம் ஊர்ல கட்டுனபடியே கெடக்கு மாஸ்டர். அங்க மைக்குக்கிட்ட ஒரு போனு. இங்க ஆம்ப்ளிஃபயர்ல ஒரு போனு. இன்ஷா அல்லாஹ், ஆட்டம் பெரம்பலூர்ல... சத்தம் பூலாம்பாடியில!"

சின்னத்துரை அண்ணன் தாடையைச் சொறிந்தார். "கேட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். கொடுப்பேன் என்று சொல்லவில்லை.

அப்படித்தான் நான் ஊரிலேயே தங்கினேன். பஸ் நிழற்குடையில் ஆம்ப்ளிஃபயர். பக்கத்து சைக்கிள் கடையிலிருந்து ஒயர். "இந்தப் பட்டனை மட்டும் தொட்றாதீங்கம்மா" என்று மூன்று முறை சொல்லிவிட்டு பாஷா பாய் வண்டி ஏறினார்.

பத்தரைக்குக் குழாய் பேசியது. முதலில் கரகரப்பு. பிறகு மூச்சுவிடாமல் ஒரு பெண் குரல்... கபடி கபடி கபடி... மழையோடு சேர்ந்து தெரு முழுக்க அது நனைந்துகொண்டு போனது.

கடைச் சார்ப்புகளில் ஆட்கள் ஒதுங்கி நின்றார்கள். குடைக்குள் நின்றார்கள். பஸ் வந்தது, யாரும் ஏறவில்லை. டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு ரெய்டு கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பார்க்க எதுவுமில்லை, அதனால் எல்லாம் தெரிந்தது. மழையில் நனையாமல் ஓடும் பெண்கள். எனக்கு ஓர் அருள்மேரி, டிரைவருக்கு ஓர் அருள்மேரி, சோளக்காட்டு வேலை நின்றுபோய் வந்து உட்கார்ந்த பெண்களுக்கு அவரவர் அருள்மேரி. பூலாம்பாடி அப்படிச் சும்மா இருந்து நான் பார்த்ததேயில்லை. மழை நிற்க வேண்டாம் என்றிருந்தது.

பணமும் வந்தது... போனிலேயே அனுப்பினார்கள். "உர உரிமையாளர்"... இல்லை, "உரக்கடை உரிமையாளர் நூறு ரூபாய்!" என்று குழாய் தடுமாறி அலறும்; உரக்கடை வாசலில் அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வார்.

சின்னத்துரை அண்ணன் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தார். கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். மூன்று மணிக்கு நிழற்குடைக்குள் வந்தார். இறுதி ஆட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "யாரும்மா இப்ப போவுது? அருள்மேரியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஸ்கோர் சமம். கடைசி ரெய்டு. அருள்மேரி. கபடி கபடி கப...

குழாய் செத்துப்போனது.

நான் பட்டனைத் தொடவில்லை, சத்தியமாக. சிக்னல் போய்விட்டது. தெருவில் மழைச் சத்தம் மட்டும்.

"போடும்மா போன! போடு!" அண்ணன் எழுந்தே விட்டார். அவருடைய போனிலும் கோடு இல்லை. மழையில் இறங்கி நடுரோட்டுக்குப் போய், போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். வேட்டி ஒட்டிக்கொண்டது. மணி அடித்தது. எங்கள் வீட்டுக்காரர். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, திருமானூர் ஜெயிச்சிடுச்சு. ரெண்டு பேரத் தொட்டுட்டுக் கோட்டுல வந்து வுழுந்துச்சு அந்தப் புள்ள. மண்டபத்து மாப்பிள்ளை சேர்ல உக்கார வச்சு போட்டோ எடுத்துக்கிட்டிருக்கோம்..."

அதே நேரத்தில் குழாய்க்கு உயிர் வந்தது. முதல் பரிசு, இருபதாயிரம்... என்று நிறுத்தி, பெயர் சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் பாஷா பாய் இழுத்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் அதைக் கவனிக்கவில்லை. போனில் கத்திக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், பணம் இப்பவே அனுப்புறேன், அந்தப் புள்ளைங்க கையில குடுங்க. இன்னொண்ணு. அடுத்த வருஷம் மழை பேஞ்சா பெரம்பலூருக்கெல்லாம் போவக்கூடாது. என் மில்லு கொட்டகையில வைங்க. நெல்லு மூட்டைய நான் வேற எங்கனாச்சும் போட்டுக்கிறேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மழையைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சாயங்காலம் இவர் வந்தார். கணக்குப் பார்த்தார். நடுவர், வண்டி, மண்டபம் எல்லாம் போக, கையை மட்டும் கடிக்கவில்லை. சந்தோஷம்தான். ஆனால் சட்டென்று நிமிர்ந்தார்.

"ஏம்மா, அந்தக் கொட்டகை காலையிலயும் அங்கதான இருந்துச்சு?"

"இருந்துச்சுங்க. காலையில அவருக்கு அருள்மேரியத் தெரியாதுல்ல?"