காலி வீடுகளுக்குத் தண்ணீர்

அந்த நகரத்தில் மேயரை அடையாளம் தெரியாதவர்கள் உண்டு. தண்ணிக்காரரைத் தெரியாதவர்கள் கிடையாது. தோள் உயர இரும்புச் சாவியைச் சுமந்துகொண்டு விடியற்காலையில் தெருத்தெருவாகப் போவார். தரையில் இருக்கும் மூடியைத் தூக்கி, சாவியை உள்ளே விட்டு ஒரு பக்கம் திருகினால் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும். மறுபக்கம் திருகினால் நின்றுவிடும். இவ்வளவு அதிகாரம் அவருக்கு வேறு எங்கும் இருந்ததில்லை. வீட்டில் மனைவி வைத்ததுதான் சட்டம்.

ஒழுகுகிற குழாயைக் கண்டால் மட்டும் அவருக்குப் பொறுக்காது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் கை கழுவுகிற இடத்தில் நின்று எதையாவது திருகிக்கொண்டிருப்பார். "பொண்ணு மாப்பிள்ளையைப் பாக்க வந்தீங்களா, குழாயைப் பாக்க வந்தீங்களா?" என்று மனைவி பல்லைக் கடிப்பாள். அப்படிப்பட்ட மனிதர்தான் பின்னால் ஒரு தெரு முழுக்கத் தண்ணீரைத் தெரிந்தே பாழாக ஓடவிட்டார்.

அந்தத் தெருவில் அவருடைய அக்கா இருந்தாள். அம்மா போன பிறகு அவரைக் குளிப்பாட்டித் தலைவாரி ஆளாக்கியவள். அவளுக்குக் கணவரும் இல்லை, பிள்ளையும் இல்லை. வாய் மட்டும் தெரு முழுவதற்கும் போதுமானதாக இருந்தது. எல்லாம் வரிசை வீடுகள், பழைய மண் சாந்து வைத்துக் கட்டியவை. ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். இந்தப் பக்கம் ஆணி அடித்தால் அந்தப் பக்கம் மாட்டியிருக்கும் படம் விழும். அக்காவுக்கும் பக்கத்து வீட்டுத் தையற்காரருக்கும் பாதிச் சண்டை அந்தச் சுவரால் வந்தது. மீதிச் சண்டை அவர் பாடுவதால் வந்தது.

திடீரென்று ஒருநாள் நகராட்சி அந்தத் தெருவைப் பாழடைந்த பகுதி என்று அறிவித்தது. பொதுநலனுக்காக எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. அந்தப் பொதுநலன் என்னவென்று விசாரித்தால், ஒரு கட்டுமானக் கம்பெனி அங்கே கட்டப்போகிற கண்ணாடிக் கடைகளும் மாடிக் குடியிருப்புகளும்தான். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய் அழுவது? கூட்டம் போட்டார்கள், கோஷம் போட்டார்கள். "செத்தாலும் நகர மாட்டோம்" என்று மேசையைத் தட்டிய கோடி வீட்டுக் கம்பவுண்டர்தான் முதலில் வண்டியில் சாமான் ஏற்றினார். அடி மேல் அடி வைத்தால் அம்மியே நகர்கிறது, கம்பவுண்டர் எம்மாத்திரம்.

போகிறவர்கள் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பித்தளைக் குழாய்களையும் விட்டுவைக்கவில்லை. இடிக்கப்போகிற வீட்டில் குழாய் எதற்கு? சுவர்களில் வெறும் ஓட்டைக் குழல்கள் நீட்டிக்கொண்டு நின்றன. எதிர்வீட்டு டீச்சரம்மா போனாள். கடைசியில் தையற்காரரும் மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் போனார்.

அக்கா மட்டும் போகவில்லை. வழக்குப் போட்டாள். வக்கீல் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "அம்மா, வீடு நிக்கணும், நீங்க உள்ள இருக்கணும். ரெண்டுல ஒண்ணு இல்லேன்னாலும் நம்ம கையில எதுவும் இருக்காது."

இது தெரிந்துதானோ என்னவோ, நகராட்சிப் பொறியாளர் தண்ணிக்காரரைக் கூப்பிட்டு, "அந்தத் தெரு வால்வை மூடிடுங்க. அங்கதான் ஆளே இல்லையே" என்றார்.

"ஒருத்தங்க இருக்காங்க சார்."

"இருக்காங்களா? எனக்குத் தெரியாதே" என்று சொல்லிவிட்டு அவர் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்தார்.

விஷயம் கேள்விப்பட்ட மனைவி, "அக்கா அக்கான்னு வேலைக்கு உலை வெச்சுக்காதீங்க" என்றாள். அவர் மறுநாள் வெளிச்சம் வரும் நேரத்தில், எல்லாத் தெருவுக்கும் முன்னால் அக்காவின் தெருவுக்குப் போய்ச் சாவியைத் திருகினார்.

அன்றைக்கு அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. தெரு முழுவதும் இருந்த காலி வீடுகளில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கதவில்லாத இருட்டு வாசல்களுக்குள்ளே யார் யாரோ குளிப்பதும், பாத்திரம் கழுவுவதும், தொட்டி நிரப்புவதுமாக இருந்தது. நிஜமாகவே ஆட்கள் வந்துவிட்டார்களோ என்று ஒரு வாசலில் எட்டிப் பார்த்தார். ஓட்டைக் குழலிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை.

அக்கா குடத்தோடு வாசலில் நின்றிருந்தாள். பயப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

"அதோ தொம்முன்னு விழுதே, அது தையற்காரர் வீட்டுத் தொட்டி. சளசளன்னு கேக்குறது டீச்சரம்மா சமையல்கட்டு. கம்பவுண்டர் வீட்டுல மாடிக்கு ஏறிடுச்சு பாரு, அந்தாளுக்கு எப்பவும் அவசரம்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஆனால் நாள் போகப்போக அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா அந்தச் சத்தங்களோடு பேச ஆரம்பித்திருந்தாள். "போதும் டீச்சர், நிரம்பி வழியுது, மூடுங்க" என்று எதிர்வீட்டைப் பார்த்து அதட்டுவாள். "இன்னைக்கு என்ன, பாட்டையே காணோம்?" என்று சுவரில் தட்டிக் கேட்பாள். பிறகு காதை வைத்துப் பார்த்துவிட்டுத் தனக்குள் எதற்கோ தலையாட்டிக்கொள்வாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடலாமா என்று தோன்றும். வழக்கு ஞாபகத்துக்கு வரும்.

தண்ணீர் வீணாவதும் அவரை அரித்தது. ஒருநாள் பையில் மர ஆப்புகளைப் போட்டுக்கொண்டு வந்து, முதல் வேலையாகத் தையற்காரர் வீட்டுக் குழலை இறுக அடைத்தார். மற்ற வீடுகளை அடுத்தடுத்த நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

மறுநாள் அக்கா குடத்தை எடுக்கவே இல்லை. வாசற்படியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"தையற்காரர் போயிட்டாருடா."

"அக்கா, அவர் போய் எவ்வளவோ நாள் ஆச்சு."

"இல்லடா. நேத்துதான் போனாரு."

தண்ணிக்காரர் அதற்கு மேல் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்குள் போனார். தான் அடித்த ஆப்பைத் தன் கையாலேயே தட்டிப் பிடுங்கினார். தண்ணீர் பொங்கி வந்து தொட்டியில் தொம்மென்று விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா மூக்கை உறிஞ்சுவதும், குடத்தை எடுப்பதும் அவருக்குக் கேட்டன. ஆயுள் முழுக்க ஒழுகலை அடைத்தவருக்கு, தொட்டி நிரம்பி வழிந்து சுவர் அடியில் போவது கண்ணில் படாமல் இருக்குமா? பட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வெளியே வந்தார். அந்த நாளை வரவேயில்லை.

மழை இல்லாத ஒரு மத்தியானம், அக்கா கடைக்குப் போயிருந்தபோது பொதுச்சுவர் அடியிலிருந்து உட்கார்ந்து சரிந்தது. கூரையில் பாதியும் கூடவே வந்தது. யாருக்கும் அடியில்லை.

எத்தனை மனு போட்டாலும் அசையாத நகராட்சி அன்றைக்கு ஓட்டமாக ஓடி வந்தது. ஒரு வயதான பெண்மணி இப்படி ஆபத்தான கட்டடத்தில் இருக்கலாமா என்று அதிகாரி அங்கலாய்த்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஆபத்தான கட்டடத்தை இடிக்க வேறு சட்டம் இருக்கிறது, அதற்கு வழக்கு முடிய வேண்டியதில்லையாம். இருட்டுவதற்குள் மீதிச் சுவர்களையும் இயந்திரம் தள்ளிவிட்டது. அக்கா தம்பி வீட்டுக்கு வந்துசேர்ந்தாள். வந்த நாளிலிருந்து அவள் குரல் உயரவேயில்லை. எப்போதும் முணுமுணுக்கும் மனைவிகூட, "இவங்க என்னை ஒருதடவை திட்டினாத் தேவலையே" என்றாள்.

மழைக்காலம் முடிந்த பிறகு வக்கீல் கூப்பிட்டார். குரலில் கும்மாளம்.

"ஜெயிச்சுட்டீங்கம்மா! கம்பெனிக்குக் குடுக்க வீட்டை எடுக்குறது பொதுநலன் இல்லேன்னு கோர்ட்டு சொல்லிடுச்சு. வீடு போனா கேஸும் போச்சுன்னுதான் நானும் நெனச்சேன். ஆனா இடம் உங்களுதுன்னே சொல்லிட்டாங்க. தாராளமா கட்டிக்கலாம்."

அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மத்தவங்களும் திரும்பி வரணும்னு அதுல எழுதியிருக்கா சார்?" என்றாள்.

வக்கீல் சிரித்தார். அவள் வேடிக்கை பண்ணுகிறாள் என்று நினைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவளே கேட்டாள். தகர வேலிக்கு வெளியே இரண்டு பேரும் நின்றார்கள். உள்ளே எல்லாம் ஒரே மட்டமாகக் கிடந்தது. எது யார் வீடு என்று தண்ணிக்காரருக்கே அடையாளம் தெரியவில்லை. அதுவரை நெஞ்சில் அடைத்திருந்ததை அவர் அங்கே சொல்லிவிட்டார்.

"அக்கா, சுவர் தானா விழல. நான் விட்ட தண்ணி. ஊறுதுன்னு தெரிஞ்சும் விட்டேன். உன் வீட்டை நான்தான் இடிச்சேன்." சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

அக்கா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

"எனக்குத் தெரியாதாடா? கட்டில் நனையுதுன்னு மூணு தடவை நகர்த்திப் போட்டேன். சுவர்ல கை வெச்சா விரல் உள்ள போகும்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா மூடிடுவே."

அவருக்குக் குற்றம் குறைந்துவிட்டதாகத் தோன்றவில்லை. அக்காவுக்காக வீட்டைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு இத்தனை நாள் ஓடியவருக்கு, அவள் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள் என்பது இப்போதுதான் விளங்கியது. அதற்கு எந்தக் கோர்ட்டிலும் வழக்குப் போட முடியாது.

வேலிக்கு உள்ளேயிருந்து காவல்காரர் வந்தார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர். "என்னம்மா, யாரைப் பாக்கணும்?"

இது என் இடம் என்று அக்கா சொல்லப்போகிறாள் என்று தண்ணிக்காரர் நினைத்தார். சொல்லியிருந்தால் அது சட்டப்படி உண்மை.

"தையற்காரர் வீட்டுக்கு வந்தோம்" என்றாள்.

"இங்க அப்படி யாரும் இல்லையேம்மா."

"சரிப்பா" என்று சொல்லிவிட்டு, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா திரும்பி நடந்தாள்.