குவியலுக்குள் ஒரு கை

கார்க் கண்ணாடியில் யாராவது விரலால் தட்டினால் இன்றைக்கும் நான் சட்டென்று திரும்பிவிடுகிறேன். சிக்னலில் பூ விற்கிற பெண் தட்டினாலும் சரி, பார்க்கிங் ரசீது கிழிக்கிற ஆள் தட்டினாலும் சரி, நான் முதலில் பார்ப்பது முகத்தை அல்ல, கையை. உள்ளங்கையில் நெல் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருக்காது என்று தெரிந்துதான் பார்க்கிறேன்.

நான் வாடகைக் கார் ஓட்டுகிறவன். குடியிருப்பது திருநின்றவூரில். சொந்த ஊர் கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, ஆந்திர எல்லைக்குக் கொஞ்சம் இப்பால். எங்கள் ஊரில் பாதிப் பேர் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டோம். சில வருஷம் இரும்பு ஆலைச் சூட்டில் வெந்துவிட்டு, லைசென்ஸ் எடுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தவன் நான். அண்ணன் மட்டும் நிலத்தை விடவில்லை. அப்பா சீக்கிரம் போய்விட்டதால் என்னைப் படிக்க வைத்தது, கல்யாணம் செய்து வைத்தது எல்லாம் அவர்தான். கோபம் வந்தால் ‘டேய்’ என்பார், பாசம் வந்தால் ‘நைனா’ என்பார். இரண்டுக்கும் நடுவில் அவருக்குப் பேச்சே கிடையாது.

சில வருஷங்களுக்கு முன் சொர்ணவாரிப் பட்டத்து நெல் அறுப்புக்கு நின்ற சமயம், அரிசி வெளிநாட்டுக்குப் போகக் கூடாது என்று டெல்லியில் உத்தரவு போட்டார்கள். உள்நாட்டில் விலை ஏறக் கூடாது என்பது காரணம். நல்ல காரணம்தான். நானும் அரிசி வாங்கித்தான் சாப்பிடுகிறேன். ஆனால் அதுவரை வயலுக்கே வந்து பேரம் பேசிய வியாபாரிகள் அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. மில்காரர்கள் ‘இப்போ வேணாம், அப்புறம் பாக்கலாம்’ என்றார்கள். சுற்றுவட்டாரத்து நெல் அத்தனையும் அரசாங்கக் கொள்முதல் நிலையத்து வாசலில் வந்து குவிந்தது. சாலையோரப் பொட்டல் அது. கூரை கிடையாது. அதற்குக் களம் என்று பெயர்.

சொர்ணவாரி அறுப்பு என்றால் சாயங்கால மழையும் கூடவே வந்துவிடும். ஈரம் பார்க்கிற மெஷின் ஒத்துக்கொள்ளாத நெல்லை எடை போட மாட்டார்கள். எடை போடாத நெல்லை எங்கே கொண்டுபோவது? அங்கேயே குவித்து, தார்ப்பாய் போட்டு, முறைக்குக் காத்திருக்க வேண்டும். ஈர நெல் குவிந்து கிடந்தால் உள்ளுக்குள் வேகும். மேலாகத் தொட்டால் மொறமொறப்பாக, ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். முழங்கை வரை கையை விட்டால்தான் சூடு தெரியும். அதனால் வெயில் அடிக்கிற போதெல்லாம் குவியலைக் கிளறி, விரித்து, ஆற வைப்பார்கள். ஒரு நாள் விட்டால்கூட முளை கட்டிவிடும்.

அந்த நேரத்தில்தான் நாடாளுமன்றக் குழு வருகிறது என்ற பேச்சு வந்தது. விவசாயம், ஏற்றுமதி, விளைபொருள் விலை இவற்றில் அரசாங்கம் எடுத்த முடிவு எப்படி இருக்கிறது என்று நேரில் பார்த்து, கேள்வி கேட்டு, சபையில் அறிக்கை வைக்கிற எம்.பி.க்கள் குழு அது. முதலில் ஓர் அரிசி ஆலை, பிறகு எங்கள் களம், கடைசியில் துறைமுகம் என்று திட்டம். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. போனில் பேசும்போதே மூச்சு வாங்கியது.

“ஒர்த்தரு, ஒரே ஒர்த்தரு கைய உள்ள உட்டுப் பாத்தா போதும்டா. நான் ஒன்னுமே பேச வேணாம். அந்தச் சூடு பேசும்.”

“அதிகாரிங்கதான் இருப்பாங்களேண்ணா, அவங்க சொல்ல மாட்டாங்களா?”

“அவுங்க இன்னா சொல்வாங்க? மேலாப்ல ஒரு பிடி அள்ளிக் காட்டி, நல்லா கீது சார்னுவாங்க.”

எங்கள் பக்கத்தில் நெல்லைக் குவித்து வைத்தால் சாம்பலைக் கரைத்து அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இழுத்து வைப்பது வழக்கம். யாராவது கை வைத்தால் கோடு கலைந்துவிடும், திருட்டுப் போனது தெரிந்துவிடும். சொந்தக்காரர்தான் அதைக் கலைத்துக் குவியலைத் திறக்க வேண்டும். குழு வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாள் அண்ணன் தன் குவியலில் அந்தச் சாம்பல் குறியைப் போட்டார். போட்டவர், அதன் பிறகு நெல்லைக் கிளறவே இல்லை. கிளறினால் சூடு போய்விடும். சூடு போய்விட்டால் எம்.பி.க்கு எதைக் காட்டுவது? குறியும் கலையாமல் இருக்க வேண்டும், நானே ஏதோ செய்து வைத்தேன் என்று ஒருத்தனும் சொல்லக் கூடாது என்று பிடிவாதம். பக்கத்துக் குவியல்காரர்கள் திட்டினார்கள். அண்ணி அழுதாள். குழுவோ வருகிறேன் வருகிறேன் என்று இரண்டு நாள் தள்ளிப் போட்டது. அந்த இரண்டு நாளும் அவர் நெல்லைத் தொடவில்லை. பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு டாக்டருக்காக உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தார் என்று பிறகு அண்ணி சொன்னாள்.

குழு கடைசியில் வந்த நாளுக்கு எனக்கு வண்டி நடை வந்தது முந்தின ராத்திரிதான். டிராவல்ஸ்காரர் போன் பண்ணி, அரசாங்க விருந்தாளிகள், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வா என்றார். எந்தக் குழு என்று காலையில் வண்டியில் ஸ்டிக்கர் ஒட்டும்போதுதான் தெரிந்தது. அண்ணனுக்கு உடனே போன் செய்தேன். எடுக்கவில்லை. களத்தில் சார்ஜ் போட வழி கிடையாது.

என் வண்டியில் பின்னால் வடநாட்டு எம்.பி. ஒருவர், முன்னால் என் பக்கத்தில் ஓர் அதிகாரி. அரிசி ஆலையில் மரியாதையெல்லாம் பலமாக நடந்தது. ஏற்றுமதி நின்றதால் எத்தனை கஷ்டம் என்று ஆலைக்காரர்கள் ஏசி அறையில் படம் போட்டுக் காட்டினார்கள். சாப்பாடு முடியவே வெயில் சாய்ந்துவிட்டது. வண்டியில் ஏறியதும் அதிகாரி சொன்னார், “களத்த விட்டுடலாம். டைம் இல்ல. நேரா துறைமுகத்துக்குப் போ.”

“சார், அங்க காலையிலேர்ந்து காத்துக்கினு இருக்காங்க சார்.”

“எல்லா எடத்துலயும்தான் காத்துக்கிட்டு இருக்காங்க. எடுப்பா வண்டிய.”

எடுத்தேன். ஆனால் அங்கிருந்து நெடுஞ்சாலைக்குப் போக வேண்டுமானால் ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். அந்த கேட் போட்டுவிட்டால் கலெக்டரும் நிற்க வேண்டும், களை எடுக்கப் போகிறவளும் நிற்க வேண்டும். அன்றைக்கும் போட்டிருந்தது. சைரன் வைத்த வண்டி முதலில், என் வண்டி இரண்டாவது. எம்.பி. போனில் பேசிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கண்ணாடியில் அந்தத் தட்டல் கேட்டது.

குழு களத்துக்கு வரவில்லை என்ற செய்தி எப்படியோ அங்கே எட்டி, கேட்டில் நின்றுதான் ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டு, அண்ணன் மொபெட்டில் பறந்து வந்திருக்கிறார். எப்போதும் முண்டா பனியனோடு இருக்கிற மனுஷன், பொங்கல் சட்டையைப் போட்டிருந்தார். குறி கலையாமல் குவியல் ஓரத்தில் உதிர்ந்ததை முடிந்து வந்த துண்டை அவிழ்த்து, ஒரு கை நெல்லை ஏந்திக்கொண்டு பின் கண்ணாடியில் தட்டினார். கறுப்புக் கண்ணாடி, உள்ளே தெரியாது. எம்.பி. திரும்பவில்லை. அண்ணன் முன்னால் வந்து, குனிந்து, முன் கண்ணாடி வழியாகப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

அந்த முகம் மாறியதை நான் எப்படிச் சொல்வது? ஏந்திய கை மெல்ல இறங்கியது. நெல்லைத் துண்டில் போட்டு முடிந்துகொண்டார். பிறகு, கண்டக்டர் பஸ்ஸைத் தட்டுவது போல, வண்டி பானெட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். ரைட், போ, என்கிற மாதிரி. பின்னாலேயே நகர்ந்து ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

“யாருப்பா அது?” என்றார் அதிகாரி.

“எங்க அண்ணன் சார். நெல்லு உள்ள வேகுது சார். ஐயா ஒரு தடவ கை வெச்சுப் பாக்கணும்னு கேக்க வந்தாரு. பக்கத்துலதான் சார், அஞ்சு நிமிஷம்.”

அதிகாரி கெட்டவர் இல்லை. பின்னால் திரும்பி எம்.பி.யைப் பார்த்தார், போன் முடிகிற வழியாக இல்லை, கடிகாரத்தைப் பார்த்தார். “மனு குடுக்கச் சொல்லு, நானே சேத்துடறேன்” என்றார். ரயில் போனது. கேட் தூக்கினார்கள்.

துறைமுகத்தில் கப்பல் பார்த்துவிட்டு அவர்களைச் சென்னையில் இறக்கிவிட்டு, மறுநாள் சாயங்காலம் களத்துக்குப் போனேன். தூரத்திலேயே நாற்றம், புளித்த கஞ்சி நாற்றம். அண்ணன் குவியல் பக்கத்தில் குந்தியிருந்தார். குறி இன்னும் கலையவில்லை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“அத்தினி தூரம் வந்துட்டு ஏண்ணா ஒதுங்கிப் போன? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“நீ ஓட்ற வண்டினு தெரியாது நைனா. தெரிஞ்சப்பறம் வாய் வர்ல. நான் இன்னாத்தயாவது பேசி, உன்ன வேலய உட்டுத் தூக்கிட்டாங்கன்னா? உனுக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க கீது.”

“அதுக்குனு?”

“அதுக்குனுதான்.”

என் கையைப் பிடித்து, சாம்பல் கோட்டைக் கலைத்து, நெல்லுக்குள் இறக்கினார். மணிக்கட்டு வரை ஒன்றும் இல்லை. அதற்குக் கீழே கொதித்தது. விரல் நுனியில் முளைகள் வழுவழுவென்று, உயிருள்ள எதையோ தொடுகிற மாதிரி பட்டன. கையை இழுக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை.

“பாத்தியா? இத எப்டி மனுவுல எழுதறது?” என்றார்.

அந்த நெல்லை மெஷின் வரைக்கும்கூடக் கொண்டுபோகவில்லை. கோழித் தீவனத்துக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்த நவரைப் பட்டத்துக்கு அண்ணன் உழவே இல்லை. அதற்கடுத்த மழைக்காலத்தில் ஒரு காலையில் டீக்கடையில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார். நெல்தான் அவரைக் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். சர்க்கரை இருந்தது, பீடி இருந்தது. ஆனால் கேட்டிலிருந்து திரும்பி வந்த ஆள் வேறு ஆள் என்று அண்ணி சொல்கிறாள். அதையும் நான் மறுக்க மாட்டேன்.

அன்றிலிருந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் பானெட்டில் அந்த இரண்டு தட்டு கேட்கிறது. இன்ஜின் சத்தம்தான், பெல்ட் தளர்ந்திருக்கும் என்று மெக்கானிக் சொன்னார். பெல்ட் மாற்றினேன். வண்டியையே மாற்றினேன். புது வண்டியிலும் கேட்கிறது. கேட்ட பிறகுதான் கியரைப் போடுகிறேன் என்பதை என் மனைவிதான் ஒருநாள் கண்டுபிடித்தாள். யாருக்காக நிற்கிறீங்க என்று கேட்டாள். இருட்டுக் கண்ணாடிக்குள் உட்கார்ந்து ஓட்டும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. அண்ணன் வந்துவிடுவாரோ என்ற பயம் இல்லை. வந்து, என்னைப் பார்த்துவிட்டு, திரும்பவும் ஒதுங்கிப் போய்விடுவாரோ என்ற பயம்.

இப்போது அந்த இடத்தில் கேட் இல்லை, மேம்பாலம் கட்டிவிட்டார்கள். யாருக்காகவும் யாரும் நிற்க வேண்டியதில்லை. ஏற்றுமதியைத் திறந்துவிட்டார்கள். வியாபாரிகள் மறுபடி போனை எடுக்கிறார்கள், ஆனால் விலை சொல்லும்போது குரல் இறங்கிவிடுகிறது, நெல் இன்னும் களத்துக்குத்தான் வருகிறது.

போன சொர்ணவாரிக்கு மறுபடி ஒரு குழு வந்தது. மறுபடி எனக்கே நடை வந்தது. இந்தத் தடவை பின் சீட்டில் ஆந்திராப் பக்கத்து அம்மா ஒருவர், தெலுங்கு எம்.பி. பாலத்தின் மேல் நிற்காமல் ஏறி, நிற்காமல் இறங்கி, நேரே களத்துக்கே போனோம். ஷாமியானா, தண்ணீர் பாட்டில், புத்தம் புதிய தார்ப்பாய்கள். முன்வரிசைக் குவியலிலிருந்து அதிகாரிகள் ஒரு பிடி அள்ளிக் கொடுத்தார்கள். அம்மா அதை விரல் வழியாக உதிர்த்தார், போட்டோ எடுத்தார்கள். நல்லா இருக்கிறது, நல்லா இருக்கிறது என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

டிரைவர் என்றால் வண்டியை விட்டு நகரக் கூடாது. அதுதான் எங்கள் தொழில் ஒழுக்கம், இத்தனை வருஷத்தில் நான் மீறியதில்லை. அன்றைக்கு என் கால் தானாக நடந்தது. கூட்டத்தைத் தாண்டி, முன்வரிசையைத் தாண்டி, மூன்றாவது வரிசையில் சாம்பல் குறி போட்டிருந்த ஒரு குவியல் பக்கத்தில் போய் நின்றேன். அதன் சொந்தக்காரி, குத்தகைக்குப் பயிரிடுகிற எங்கள் ஊர்ப் பெண், முக்காட்டை இழுத்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவளே குனிந்து குறியைக் கலைத்தாள்.

எங்கள் பக்கத்தில் தெலுங்கு தெரியாதவன் பாதி ஊமை. “அம்மா, மேலே இல்லை, உள்ளே. முழங்கை வரைக்கும் விட்டுப் பாருங்கள்” என்று முன்வரிசைக்குக் கேட்கும்படி தெலுங்கில் சொன்னேன். யாரோ என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். அந்தக் குவியலுக்கு நடந்து வந்து, வளையலை மேலே ஏற்றிவிட்டு, குனிந்து, கையை உள்ளே விட்டார்.

மணிக்கட்டு வரை அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு மாறியது. இழுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். இழுக்கவில்லை.

“இது யாருடைய நெல்?” என்று கேட்டார்.

“எங்க அண்ணனோடது” என்றேன்.

வாய் தவறி வந்ததா, என்ன என்று எனக்கே தெரியாது. சொந்தக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அண்ணனைத் தெரியும். அந்தக் கேட், அந்தப் பொங்கல் சட்டை, எல்லாம் தெரியும். இல்லை என்று சொல்லவில்லை. “ஆமாம்மா, அவுரு அண்ணனோட்துதான்” என்றாள்.

“அவரைக் கூப்பிடுங்கள். அவரிடம்தான் நான் பேச வேண்டும்” என்றார் அம்மா.

நான் கேட் இருந்த பாலத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அம்மா இன்னும் கையை எடுக்காமல் காத்திருந்தார்.