அடுப்பின் இடப்பக்கக் கோடு

நம் வீட்டு விறகடுப்பின் இடப்பக்கக் கல்லில் மேலிருந்து கீழாக ஒரு சாம்பல் நிறக் கோடு ஓடுகிறதே, அது எப்படி வந்தது என்று பிள்ளைகள் நீங்கள் இருவரும் மாறி மாறிக் கேட்டிருக்கிறீர்கள். பழைய அடுப்பு, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லித் தப்பிக்கொண்டு வந்தேன். அது பொய். அந்தக் கோட்டைப் போட்டவன் நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது.

இந்தக் குளிர் நாட்டில் முதலில் மில்லிக்கனில் வாடகைக்கு இருந்த நிலத்தடி பேஸ்மென்றை விட்டு, ஸ்ரௌவ்வில்லில் இந்தப் பழைய வீட்டுக்கு நாங்கள் வந்த முதல் பனிக்காலம் அது. குளிர் எந்த வழியால் வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாத வீடு. யன்னலை அடைத்தால் கதவால் வரும். கதவின் அடியில் துணியைச் சுருட்டி வைத்தால் நிலத்தால் வரும். அம்மா உறைந்த மீன் பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தார். வீட்டுக்கு வந்து நெடுநேரமாகியும் அவருடைய விரல் நுனிகள் வெள்ளையாகவே இருக்கும். அந்த விரல்களை என் கழுத்தில் வைத்தால் நான் துள்ளி ஓடுவேன். அது ஒரு விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை அப்பா இந்த அடுப்பை வாங்கிக்கொண்டு வந்தார். நகத்தால் கீறினாலே வெள்ளைக் கோடு விழும் மாக்கல்லில் செய்தது. வடக்கே ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தன் மாட்டுக் கொட்டகையில் பல பனிக்காலமாகப் போட்டு வைத்திருந்தாராம். அதை ரக் வண்டியிலிருந்து இறக்க நான்கு பேர் தேவைப்பட்டார்கள். சித்தப்பா பாதி வழியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"அண்ணை, நீங்கள் ஒரு ஆனையை வாங்கியிருக்கலாம். ஆனை எண்டால் தானே நடந்து வந்திருக்கும்."

அம்மா சிரிக்கவில்லை. "ஊரில புகைக்குள்ள கிடந்து கண் எரிஞ்சது காணாதெண்டோ இஞ்சையும் விறகடுப்பு? தைப்பொங்கல் வரைக்கும் பாப்பன். அதுக்குள்ள உது ஒண்டுக்கும் உதவாட்டில், வந்த வழியாலயே போகட்டும்."

அம்மா அப்படி ஒரு கெடு வைத்தால் அது கெடுதான். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏனென்றால் நான் அப்பாவின் கட்சி. அடுப்புக்கு வேலை பார்த்த இருவரில் நானும் ஒருவன். அடுப்புக் கதவின் விளிம்பைச் சுற்றியிருந்த பழைய கயிற்றைச் சுரண்டி எடுத்து, நெருப்புத் தாங்கும் புதுக் கயிறு ஒட்டினோம். பிறகு அப்பா ஒரு பத்திரிகைத் துண்டைக் கதவிடுக்கில் வைத்துப் பூட்டுவார். நான் இழுக்க வேண்டும். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தால் காற்றுப் போகிறது என்று அர்த்தம். நான் இழுத்து அது கிழிந்தால்தான் அப்பாவின் முகத்தில் சிரிப்பு வரும். நான் வாரம் முழுவதும் கிழித்தேன். புகைக்குழாய் பூட்டி, அதைச் சோதிக்கும் ஆள் வந்து, சரி என்று கையெழுத்து வைத்தபோது பொங்கலுக்கு மூன்று நாள்தான் இருந்தது.

இனி நெருப்புப் போட வேண்டியதுதானே என்றேன். அப்பா சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். கிழவர் சொல்லச் சொல்ல அப்பா எழுதிய தாள். கொட்டகையில் கிடந்த கல் ஈரத்தைக் குடித்திருக்கும். முதலில் சில நாட்கள் சின்ன நெருப்பு மட்டும் போட வேண்டும். ஈரம் மெல்ல மெல்ல வெளியே வர வேண்டும். அவசரப்பட்டுப் பெரிய நெருப்புப் போட்டால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிக் கல்லைப் பிளந்துவிடும். 'மெதுவாக' என்ற சொல்லுக்குக் கீழே அப்பா இரண்டு கோடு போட்டிருந்தார்.

வியாழன் ஒரு சின்ன நெருப்பு. வெள்ளி ஒரு சின்ன நெருப்பு. கல் நாயின் வயிற்றைப்போல் இளஞ்சூடாக இருந்ததோடு சரி. வீடு பழையபடி விறைத்தது. அம்மா கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். அவர் தொட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

சனி பொங்கல். அம்மா வழக்கம்போல் கறண்டு அடுப்பில் பானை வைக்க ஆயத்தமானார். அப்பாவும் அதற்குச் சம்மதம்தான். சித்தப்பா வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டார்.

"ஆனையை வீட்டுக்குள்ள கட்டிப்போட்டு கறண்டிலயோ பொங்கப் போறியள்? அப்ப ஏன் அண்ணை என்ர இடுப்பை முறிச்சனீங்கள்?"

அப்பா கோபக்காரர் இல்லை. ஆனால் தம்பி பகிடி பண்ணினால் தாங்கமாட்டார். பானையைத் தூக்கிக்கொண்டு வந்து கல்லின் மேல் வைத்தார். சின்ன நெருப்புத்தான் போடுவேன், ஆறுதலாகப் பொங்கட்டும் என்றார்.

அம்மா கலண்டரைப் பார்த்தார். "இஞ்சை சூரியன் பிந்தி எழும்புறபடியால் பத்து மணிக்குத்தான் ராகுகாலம். அதுக்கு முன்னம் பொங்கவேணும். பொங்காட்டில்..." என்று நிறுத்தினார். மீதி எனக்குத் தெரியும்.

எட்டரைக்குப் பால் அடுப்பில் ஏறியது. ஒன்பதுக்கு நான் விரலை விட்டுப் பார்த்தேன், குளிர் விட்டிருந்தது. ஒன்பதேகாலுக்கு ஓரத்தில் ஒரு நுரைகூட இல்லை. நான் அடுப்புக்கும் மணிக்கூட்டுக்கும் இடையில் நடந்தேன். "பொடியா, ஒரு இடத்தில இரு. உன்னைப் பாக்க எனக்குத் தலை சுத்துது" என்றார் சித்தப்பா. நான் இருந்தேன். என் கால்கள் இருக்கவில்லை.

ஒன்பதரைக்குப் பனி வழிக்கும் வண்டி வந்து, தெருப் பனியை எல்லாம் எங்கள் வாசலில் குவித்துவிட்டுப் போனது. சித்தப்பாவின் கார் அதற்குள் அகப்பட்டுக்கொண்டது. அப்பாவும் சித்தப்பாவும் பனி அள்ளும் சவளோடு வெளியே ஓடினார்கள். அம்மா குசினியில் முந்திரிக் கசு வறுத்துக்கொண்டிருந்தார். அடுப்பும் நானும் தனியே.

அடுப்புக் கதவின் கைப்பிடி சுட்டது. என் நீலக் கையுறையை வலது கையில் மாட்டிக்கொண்டு திறந்தேன். பற்றவைக்க வைத்திருந்த மெல்லிய சீவல் கட்டைகள் பெட்டி நிறைய இருந்தன. ஒன்று போட்டேன். பிறகு இரண்டு. பிறகு எத்தனை என்று தெரியாது. காற்று வரும் வழியைத் திறக்கும் தடியைக் கடைசிவரை இழுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். நெருப்பு ஒரு பெருமூச்சு விட்டது. கண்ணாடி முழுவதும் மஞ்சளாகியது. கையுறையின் உள்ளங்கை உருகிக் கைப்பிடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. மிச்சத்தைப் பிய்த்து விறகுப் பெட்டிக்குப் பின்னால் எறிந்துவிட்டு, நல்ல பிள்ளையாகச் சோபாவில் இருந்தேன்.

பத்துக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது அவர்கள் உள்ளே வந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பால் எழும்பியது. "பொங்குது, பொங்குது!" என்று நான் கத்த, அம்மா அரிசியோடு ஓடி வந்தார். வெள்ளை நுரை கிழக்குப் பக்கமாக வழிந்து கல்லில் சீறியது. எல்லோரும் கைகூப்பினோம்.

'டக்' என்று ஒரு சத்தம்.

"ஆர் அதுக்குள்ள வெடி கொளுத்தினது?" என்று சித்தப்பா சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. அவர் இடப்பக்கக் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். மயிரளவு கோடு ஒன்று மேலிருந்து கீழே இறங்கியிருந்தது. குனிந்து காற்றுத் தடியைப் பார்த்தார். கண்ணாடிக்குள் பார்த்தார்.

"ஆர் உதைத் திறந்தது?"

என் காதுக்குள் என் நெஞ்சுதான் கேட்டது. 

"நான்தான்" என்றார் அம்மா. பானைக்குள் அரிசியைப் போட்டபடி, திரும்பிப் பார்க்காமல். "ராகுகாலம் வருது எண்டு நாலு கட்டை போட்டன். இப்ப அதுக்கென்ன?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு தடியை மெல்லத் தள்ளி மூடினார். "உள்ளுக்கு வெடிப்பு விழேல்லை. பூசி எடுக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா குசினியில் இருந்ததை நான் கண்டேன். பிறகு எப்படி? ராகுகாலப் பயத்தில் அம்மாவும் நான் காணாத நேரம் வந்து கட்டை போட்டிருப்பார் என்றுகூட யோசித்தேன். எப்படியோ, அம்மாவே உடைத்ததால் அடுப்பை வெளியே அனுப்பும் கதை நின்றது. நான் தப்பினேன், அப்பா வென்றார், அம்மா தோற்றார். இதுதான் என் கணக்கு.

ஆனால் தப்பியவனுக்கு நிம்மதி வரவில்லை. பொங்கலை இரண்டு வாயோடு வைத்துவிட்டு எழும்பினேன். ஆளில்லாத நேரம் பார்த்து விறகுப் பெட்டிக்குப் பின்னால் தேடினேன். கையுறை அங்கே இல்லை. சோபாவின் கீழே, சப்பாத்துத் தட்டில், எங்கும் இல்லை. தேடித் தேடிக் களைத்து மத்தியானம் சோபாவிலேயே தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது அம்மா பக்கத்தில் இருந்து என் வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பயத்தில் மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகும்போது வாசலில் ஒரு சோடி புதுக் கையுறை இருந்தது. பென்சில் தொலைந்தாலே மூன்று நாள் விசாரணை வைக்கிற அம்மா, பழையது எங்கே என்று கேட்கவேயில்லை. பல கிழமை அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். அப்பா கோட்டுக்குச் சாந்து பூசினார். அம்மா வேலையால் வந்ததும் விரல்களை விரித்துக் கல்லின்மேல் வைத்துக்கொண்டு நிற்கத் தொடங்கினார். என் கழுத்தில் வைப்பது நின்றுபோனது.

போன வருடம் அப்பாவும் அம்மாவும் யூனியன்வில் அப்பாட்மென்றுக்கு மாறியபோது, அடுப்பு சாமான்கள் போடும் தகரப் பேணியை அப்பா என்னிடம் தந்தார். கயிறு, சாந்து, தூரிகை. அடியில், உள்ளங்கை கருகி இறுகிய ஒரு சின்ன நீலக் கையுறை. அப்பா பெட்டி கட்டப் போய்விட்டார். அதை அம்மாவிடம் கொண்டுபோனேன்.

"ஓம், பொங்கலண்டைக்கே அப்பா கொண்டுவந்து காட்டினவர்" என்றார் அம்மா. "கை சுட்டிருக்குமோ எண்டு எங்கள் ரெண்டு பேருக்கும் உயிர் போச்சு. கேட்டால் நீ அழுவாய். நீ நித்திரை கொள்ளுமட்டும் பாத்திருந்து, விரல் விரலாய் விரிச்சுப் பாத்தனான்."

அந்த மத்தியானம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். அம்மா என் உள்ளங்கையை ஒரு விரலால் தடவிக்கொண்டே இருந்தார். அந்த விரல் குளிராக இருந்தது. பாவம், அம்மாவுக்குக் குளிருகிறது, சூட்டுக்காக என் கையைப் பிடித்திருக்கிறார் என்று நினைத்து, நான் கையை இழுக்காமல் விட்டேன்.