காலைக் கட்டாமல் கறக்கிற மாடு

முழங்காலில் தழும்பில்லாத மாட்டுக்காரனைப் பார்த்தால், அவன் மாட்டை வேறு யாரோ கறக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். உதையும் வாங்கி, கறந்த பாலையும் தரைக்குக் கொடுத்த அன்பர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் செஞ்சி டீக்கடைகளுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தோம். கறப்பது என் மனைவி கனகம். ஒருநாள் செவலை மாடு விட்ட உதையில் அவள் மணிக்கட்டு முறிந்து, எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. மாட்டின் பின்னங்காலை இறுக்கிக் கட்டிக் கறக்க இனி அவளால் ஆகாது. கறவை என் கைக்கு வந்தது. அவள் கொட்டகைப் பக்கமே வராமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. ஊரே லிட்டர் பார்த்து மாடு வளர்த்த காலத்தில், அவளுக்காக நான் குணம் பார்த்து வளர்க்கக் கிளம்பினேன்.

அசையாத பசு

அனந்தபுரத்தில் ரோட்டோரம் ஒரு பசுவைக் கட்டியிருந்தார்கள். லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது, அது காதைக்கூட ஆட்டவில்லை. இதைவிடச் சாது எங்கே கிடைக்கும் என்று வாயெல்லாம் பல்லாக வாங்கி ஓட்டிவந்தேன். வீட்டில் பின்பக்கமாகப் போய் மடியில் கை வைத்தேன். அடுத்த நொடி சுவரோரம் கிடந்தேன்.

சத்தம் கேட்டு வந்த கனகம், கொட்டகைக்கு வெளியே அதன் பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்த்தாள். திரும்பவில்லை. செவிடு! ஆள் வருவது தெரியாமல், தொட்டதும் மிரண்டிருக்கிறது. விற்றவரிடம் போய்க் கத்தினேன். அவர் பீடியை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "சாது மாடு வேணும்ன. காது கேக்குற மாடு வேணும்னு ஒரு வார்த்த சொன்னியா?"

பால் இறங்காத காலை

அடுத்தது துணிக்கடை கரீம் பாய் வீட்டுப் பசு. முட்டாது, உதைக்காது. காம்புதான் கட்டை, இறுக்கிப் பிழிய வேண்டும், கனகம் கைக்கு ஆகாது. இதற்குப் பிறக்கும் கன்றை நம்பித்தான் வாங்கினேன். ஆனால் காலையில் உட்கார்ந்தால் சொட்டுப் பால் இறங்கவில்லை. ஏதோ நோய் என்று பயந்து பாயைக் கூட்டிவந்தேன். அவர் வீடு பள்ளிவாசலை ஒட்டியது. விடியற்காலை பாங்கு கேட்டதும் கறப்பது வழக்கமாம். எங்கள் தெருவுக்குப் பாங்கு எட்டாது. பாய் அதன் கழுத்தைத் தடவிச் சிரித்தார்: "நான் தூங்கிட்டாலும் இது ஒருநாள் தூங்கனது இல்லப்பா!"

ஊசி

சினை ஊசி போட வந்த கம்பவுண்டரிடம், "சாதுவான காளையோட ஊசி இருக்குதா?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஊசில காளையோட நம்பர் போட்டிருக்கும். கோவம் போட்டிருக்காதுய்யா."

மேல்சித்தாமூர்க் காளை

பாயிடம் வாங்கிய பசுவை ஓட்டிக்கொண்டு மேல்சித்தாமூர் போனேன். அங்கே ஒரு சமண நயினார் வீட்டுக் காளைமேல் யாரும் கை ஓங்கியதே இல்லை என்று கேள்வி. அதன் தாய்க்குக் காம்பு நீளம், கறக்க இலகு. வேறென்ன வேண்டும்? திரும்பும்போது பசு வழியில் நின்றுவிட்டது. வழக்கம்போல எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, குச்சியை ஓங்கினேன். பின்னாலேயே வந்த நயினார் கையைப் பிடித்தார்: "காளை குணத்துக்கு இவ்ளோ தூரம் வந்துட்ட. மாட்டுக்காரன் குணத்துக்கு எந்த ஊருக்குப் போவ?"

தலையீத்து

பிறந்தது கிடாரி. அன்றே கனகம் கொட்டகைக்கு வந்துவிட்டாள். குச்சியை அடுப்பில் வைத்தாள். கன்றின் மடியையும் பின்னங்காலையும் தினம் தடவித் தடவியே வளர்த்தாள். நான் குரலை உயர்த்தினால் கன்றைவிட அவள்தான் முறைப்பாள்.

கிடாரி முதல் கன்று ஈன்று, முதல் கறவை வந்தது. எப்பேர்ப்பட்ட சாதுவும் மிரளும் நேரம் அது. இன்னொரு உதை விழுந்தால் அந்தக் கை அவ்வளவுதான். கயிற்றோடு பக்கத்தில் நின்றேன். கனகம் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு, சொம்பை முழங்கால்களுக்கிடையே இடுக்கி, கோணல் கையால் காம்பைப் பிடித்தாள். சொம்பில் சர்ரென்று பால் விழுந்தது. எத்தனை வருஷமாகிவிட்டது, இன்றும் அந்தச் சத்தத்தை நினைத்தால் எனக்குக் கண் கலங்கும். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை: "அது நல்லாத்தாங்க நிக்குது. நீங்க ஆடாம நில்லுங்க."

மாட்டை அடக்கியவன் என்று செஞ்சியில் எனக்குப் பேர் வந்தது. எங்கள் வீட்டில் அடங்கியது யார் என்று மாட்டுக்குத் தெரியும்.