மூன்று மூட்டை சுண்ணாம்பு

கம்பெனி விருந்தினர் விடுதித் தோட்டக்காரரை எல்லோரும் சருகு என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரே கூட்டி எரிக்கிற இலையை இவர் மட்டும் மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு வருவார்; அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். மனுஷன் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அவர் வந்து சேர்ந்தபோது அங்கே கிடந்ததை மண் என்று சொல்லவே வாய் கூசும். கட்டடம் கட்டினவன் கொட்டிவிட்டுப் போன களியும் செங்கல் சில்லும்தான். கடப்பாரையைப் போட்டால் தோள்பட்டை வரை அதிரும். சருகு அதில் களி இளக ஜிப்சம் தூவினார். குவாரியில் கெஞ்சிக் கூத்தாடிக் கல்தூள் வாங்கிவந்து கலந்தார். மேலே ஒரு சாண் உயரத்துக்கு இலையால் மூடாக்குப் போட்டார், ரோஜாத் தண்டு அழுகாதபடி நாலு விரல் தள்ளி. இப்போது மண்ணில் கையை விட்டால் மணிக்கட்டு வரை இறங்கும். ஒரு பிடி அள்ளினால் மண்புழு நெளியும்.

வினையே அங்கேதான் ஆரம்பித்தது. அவர் மனைவி எட்டு மணி நேர ரயில் தூரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகளும் அம்மாவோடு இருந்தாள். அந்த ஊரிலும் கம்பெனிக்குக் கிளை உண்டு, தோட்டமும் உண்டு. மாற்றல் கேட்டு நாலு தடவை மனு எழுதினார். நாலையும் மேனேஜர் சிரித்த முகத்தோடு வாங்கி மேஜைக்குள் போட்டுப் பூட்டினார்.

"உங்கள அனுப்பிட்டு நான் என்ன பண்றது? இந்த மண்ணுக்குக் கைராசியே நீங்கதான்!"

இதற்கு நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை. சருகுக்கு முன்னால் இருந்தவர் புல்லைக்கூடப் பட்டுப்போக வைத்த புண்ணியவான். அவருக்கு ஒரே மாதத்தில் கேட்ட ஊர் கிடைத்தது. எப்படி இருக்கிறது நியாயம்!

ஒருநாள் போனில் மகள் சொன்னாள்: "அப்பா, நீங்க இங்க வரப்போறீங்கன்னு ஸ்கூல்ல சொல்லிட்டே இருப்பேன்ல? இப்ப சொல்றதில்ல. சிரிக்கிறாங்க."

சருகு போனை வைத்தார். நல்ல பெயர்தான் தன்னைக் கட்டிப்போட்டிருக்கிறது, அதைக் கெடுத்துக்கொண்டால் தானாக விட்டுவிடுவார்கள் என்று முடிவு கட்டினார். ஞாயிறு மத்தியானம் விடுதியில் ஈ காக்கை இல்லை. மூடாக்கை விலக்கி, வெள்ளையடிக்க வாங்கி வைத்திருந்த மூன்று மூட்டை சுண்ணாம்பையும் கொட்டிக் கொத்திவிட்டுத் தண்ணீர் பாய்ச்சினார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இலையைத் திரும்ப இழுத்து மூடும்போதும் பழக்கதோஷம், தண்டைவிட்டு நாலு விரல் தள்ளியே மூடினார்.

சில வாரத்தில் ரோஜாத் துளிரெல்லாம் நரம்பு மட்டும் பச்சையாக, மீதி மஞ்சளாக வந்தது. மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். திட்டு வாங்கப்போகிற சந்தோஷத்தில் சருகு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

மேனேஜர் திட்டவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"அந்தக் கிளைக்காரங்க உங்களக் கேட்டு ஒரே நச்சரிப்பு. சரி, பாவம், குடும்பத்தோட இருக்கட்டும்னு நேத்து ஆர்டர்ல கையெழுத்தே போட்டுட்டேன். இன்னிக்குக் காலையில பாத்தா செடியெல்லாம் இப்படி நிக்குது. புது ஆளு வந்து இத என்ன செய்வான்? நீங்களே இருந்து சரி பண்ணிக் குடுத்துட்டுக் கெளம்புங்க. எத்தன நாளாகும்?"

ஆர்டர் மேஜைமேல் இருந்தது. பத்து நாள் என்று ஒரு பொய் சொன்னால் போதும், பதினோராம் நாளே ரயில் ஏறிவிடலாம். சருகு வாயைத் திறந்தார். மூன்று மூட்டை சுண்ணாம்பு, அதுவும் அந்தக் களியில்; லேசில் வெளியேறாது. எவன் வந்து இதில் கை வைத்தாலும் செடி பிழைக்காது, பழியும் அவன் தலையில்தான் விழும்.

"மூணு வருஷம் ஆகும் சார்," என்றார்.

"அவ்வளவுதானே," என்று மேனேஜர் ஆர்டரை எடுத்து மேஜைக்குள் போட்டார்.